துவர்ப்புக்கு வந்த யோகம்

போன மாதம் தியாகராய நகரில் ஒரு பெரிய கடைக்குள் நுழைந்தேன். வீட்டில் கொடுத்த ஜாபிதாவில் துவரம்பருப்பும் சீயக்காயும்தான் இருந்தன. ஆனால் பணம் கட்டும் இடத்துக்குப் போகிற வழியில் ஓர் அலமாரி நிறையப் புட்டிகள் நின்று என்னை மறித்தன. நெல்லிச் சாறு, திரிபலா மாத்திரை, ஆவாரம்பூத் தேநீர், மாதுளைச் சத்து. எல்லாவற்றின் நெற்றியிலும் ஒரே நாமம்: ஆன்டி ஆக்ஸிடென்ட்.

நாமம் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அதை எனக்குச் சாத்தியிருந்தால் பேசாமல் வந்திருப்பேன். மயிலாப்பூரில் எங்கள் பக்கத்து வீட்டு மாமிக்கு அல்லவா சாத்திவிட்டார்கள்! மாமிக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை வியாதி. இரண்டு வேளை மாத்திரை. நெல்லிச் சாற்றுப் புட்டி வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம் மாத்திரையை நிறுத்திவிட்டாள். கேட்டதற்கு, "அது கெமிக்கல். இது காய்தானே! புட்டியிலேயே போட்டிருக்கானே, நீங்க படிக்கலையா?" என்றாள். இரண்டு மாதம் கழித்துக் கபாலி கோயில் குளக்கரையில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டாள். ரத்தத்தில் சர்க்கரை 400ஐத் தாண்டியிருந்தது.

பிறகு நானும் படித்தேன். சர்க்கரை வியாதி குணமாகும் என்று புட்டியில் எங்குமே போட்டிருக்கவில்லை. அப்படி விளம்பரம் செய்வது 1954ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம் என்பது அச்சடித்தவனுக்குத் தெரியும். அதனால்தான் அந்த ஒற்றை வார்த்தை. எல்லா வியாதியும் ஓடிவிடும் என்று நாம் அர்த்தம் செய்துகொள்ளலாம். ஒன்றுமே சொல்லவில்லை என்று அவன் கோர்ட்டில் சாதிக்கலாம்.

அந்த வார்த்தைக்கு உண்மையில் என்னதான் பொருள்? வாழைப்பூ ஆய்ந்த கையைப் பாருங்கள். விரலெல்லாம் கறுப்பு. பூவிலே பீனால் வகைப் பொருள்கள் இருக்கின்றன. நறுக்கியதும் அவை காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடிக் கறுத்துவிடுகின்றன. பாட்டிமார் நறுக்கியதை மோரில் போட்டார்களே, அந்தப் புளிப்பு இந்தச் சேர்க்கையைத் தடுக்கும். இப்படித் தாம் கெட்டுப் பக்கத்திலிருப்பதைக் காக்கும் குணத்துக்குத்தான் அத்தனை பெரிய பெயர்.

நாக்கில் துவர்ப்பதும் இதே குடும்பம்தான். கடுக்காயிலும் நெல்லியிலும் உள்ள டானின், எச்சிலிலுள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. நாக்கு வறண்டு இழுக்கிறது. மாட்டுத் தோலின் புரதத்தைப் பிடித்தால் தோல் அழுகாமல் பதனாகிறது. சென்னைத் தோல் ஷாப்புகள் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் வைத்துத்தான் பேர் வாங்கின. அடையாற்றில் 1948ல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தில் டானின் என்றால் செருப்பு ஞாபகம் வரும். அங்கிருந்து மூன்று மைல் தள்ளித் தியாகராய நகருக்கு வந்தால் அதே டானின் சிரஞ்சீவி மருந்து!

"இந்தக் காயில் அந்தப் பழத்தைவிடப் பத்து மடங்கு" என்கிற கணக்கு எங்கே பிறக்கிறது தெரியுமா? மூலிகையை மெதனாலில் ஊறவைத்துச் சாறெடுத்து, டிபிபிஎச் என்கிற ஊதா நிறத் திரவத்தில் விடுகிறார்கள். ஊதா மங்கி மஞ்சளாகிறது. எவ்வளவு மங்கியதோ அவ்வளவு மதிப்பெண். விஞ்ஞானிகளை நான் குறை சொல்லவில்லை. நூறு மூலிகையில் நாலைப் பொறுக்க அது சௌகரியமான முதல் சல்லடை. ஆனால் மனிதன் கண்ணாடிக் குழாய் அல்லவே! விழுங்கிய பீனாலில் சொற்பமே ரத்தத்தில் சேர்கிறது. அதையும் குடலும் கல்லீரலும் உருமாற்றிவிடுகின்றன. அமெரிக்க விவசாய இலாகா இப்படியொரு மதிப்பெண் பட்டியலை வெளியிட்டிருந்தது. கம்பெனிகள் அதை விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுத்துகின்றன என்று சொல்லி, 2012ல் தானே எடுத்துவிட்டது. பின்லாந்தில் புகை பிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து நடத்திய சோதனையின் முடிவு 1994ல் வந்தது. இதே நாமம் தரித்த பீட்டா கரோட்டின் மாத்திரையைச் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் அதிகமாக இருந்தது.

நெல்லிக்காய் மட்டமா என்று சண்டைக்கு வராதீர்கள். 100 கிராமில் 600 மில்லிகிராம் வைட்டமின் சி என்று பழைய சத்துணவு அட்டவணை சொல்லிற்று. ஹைதராபாத் தேசிய சத்துணவு நிலையம் 2017ல் போட்ட புது அட்டவணையில் ஏறக்குறைய 250தான். அதுவே அபாரம், ஒரு காய் ஒரு நாளைக்குத் தாராளம். நான் பார்த்த புட்டி மட்டும் 600ஐ விட மாட்டேன் என்கிறது.

ஆப்பிள் கதை இன்னும் வேடிக்கை. குளிர்பதனக் கிடங்கில் மாதக்கணக்காகக் கிடந்த ஆப்பிளில் வைட்டமின் சி குறைந்துபோகும். பீனால்கள் பெரும்பாலும் நிலைத்திருக்கும், அதிகமாகத் தோலில். அடையாற்று சிநேகிதர் ஒருவர் மெழுகுக்குப் பயந்து தோலைச் சீவி எறிகிறார். பிறகு பீனாலுக்காகப் புட்டி வாங்குகிறார்!

கச்சேரி ரோட்டு நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்ப் பொட்டலம் கட்டுகிறவரோடு எனக்குச் சண்டையில்லை. அவர் மலச்சிக்கலுக்கு என்று சொல்லித்தான் கொடுக்கிறார். ஆவாரை பூத்த ஊரில் சாவு ஏது என்று கேட்கிற பழமொழிகூடப் பூவின் பெருமையைத்தான் பேசிற்று. வைத்தியர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை.

மாமி இப்போது மாத்திரை சாப்பிடுகிறாள். தெற்கு மாட வீதியில் நெல்லிக்காய் கிடைக்கும்போது ஊறுகாயும் போடுகிறாள். மிச்சமிருந்த அரைப் புட்டியை, "நீங்களே வெச்சுக்கோங்கோ" என்று என் தலையில் கட்டிவிட்டாள். கார்த்திகைக்குப் பித்தளை விளக்குத் தேய்க்க எங்கள் வீட்டில் அதைத்தான் உபயோகித்தார்கள். விளக்குகள் பளபளவென்று இருந்தன.