முதல் பழைய காருக்கு ஐம்பது குதிரை போதும்

பழைய கார் பைத்தியம் பிடித்த என் வயதுப் பையன்கள் எல்லோருக்கும் கனவு ஒன்றுதான். நீளமான மூக்கு, நாலு ஹெட்லைட், ஸ்டார்ட் பண்ணினால் தெருவே திரும்பிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் இந்த ஜாதிக்கு மசில் கார் என்று பெயர். 1964-இல் வந்த போன்டியாக் ஜி.டி.ஓ.தான் அதைப் பெரிய மோகமாக்கியது. நடுத்தர சைஸ் காருக்குள் பெரிய வி-8 எஞ்சினைத் திணிப்பது, அவ்வளவுதான் சூத்திரம். சீவலப்பேரியில் உட்கார்ந்துகொண்டு அதற்கு ஆசைப்படுவது, சிற்றாறு தாமிரபரணியில் கலக்கிற இடத்தில் நின்றுகொண்டு கப்பல் எப்போ வரும் என்று கேட்கிற மாதிரி.

நம் கைக்கு எட்டுகிற மசில் கார் என்று சொன்னால் அது கான்டெஸாதான். இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984 முதல் 2002 வரை உத்தர்பாராவில் செய்தது. உடம்பு இங்கிலாந்து வாக்ஸ்ஹால் கம்பெனியின் எழுபதுகளின் விக்டர் காருடையது. வி-8 எல்லாம் கிடையாது. ஆனால் பின் சக்கர இழுவையும் அந்த அகலமும் நிற்கிற நிலையும் நம் ஊருக்குப் போதும். அம்பாசிடர், பத்மினி பக்கத்தில் நிறுத்தினால் வித்தியாசம் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கான்டெஸா தேடுகிறவர்கள் எல்லோரும் துரத்துவது 1.8 லிட்டர் இசுசு எஞ்சின் வைத்த 'கிளாசிக்' மாடலை. 88 குதிரைத்திறன், ஐந்து கியர். அதற்கு முந்தைய 1.5 லிட்டர் மாடலைச் சொன்னால் சிரிப்பார்கள். அம்பாசிடரின் 1489 சி.சி. எஞ்சினை அப்படியே தூக்கி இந்தப் பெரிய உடம்புக்குள் வைத்திருந்தார்கள். சுமார் 50 குதிரை. எருமைக்குப் பட்டுச்சேலை என்றார் ஒரு அண்ணன். முதல் காராக வாங்குகிறவனுக்கு அந்த எருமைதான் சரி என்பது என் கட்சி.

காரணம் மெக்கானிக். அந்த எஞ்சினுக்குக் கை பழகிய மேஸ்திரிகள் பாளையங்கோட்டை, திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். ஸ்பேனரை எடுக்காமல் சத்தத்தை வைத்தே டாப்பெட்டா பேரிங்கா என்று சொல்லிவிடுவார்கள். கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. ஒரு கார்புரேட்டர், ஒரு டிஸ்ட்ரிப்யூட்டர், நிறைய பொறுமை. (தொண்ணூறுகளில் இசுசு எஞ்சின் அம்பாசிடருக்கும் வந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நம் பக்கம் டாக்ஸியாக ஓடி மேஸ்திரிகளின் கையைப் பழக்கியது பெரும்பாலும் டீசல் அம்பாசிடர். அதுவும் இந்தப் பழைய எஞ்சினின் சொந்தக்காரன்தான்.) ஹாபி என்றால் நாமே கையில் கிரீஸ் பூசிக் கற்றுக்கொள்வதுதானே? அதற்கு இதைவிட எளிய எஞ்சின் கிடையாது.

வேகம்? சீவலப்பேரியிலிருந்து பாளையங்கோட்டை போகிற ரோட்டில் ஆடு, டிராக்டர், வைக்கோல் லோடு எல்லாவற்றையும் தாண்டி 88 குதிரையை எங்கே ஓட்டப் போகிறோம்?

இன்னொரு விஷயம் பெட்ரோல். அந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தில் வடிவமைத்தது. இந்தியாவில் ஈயப் பெட்ரோல் 2000-இல் நின்றுபோனது. வால்வு சீட் தேய்ந்திருந்தால் ஹெட்டைக் கழற்றி, லேத்தில் கடினமான சீட் போட வேண்டும். 2025-இலிருந்து பங்கில் வருவது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் எல்லாம் அதில் ஊறிக் கெட்டுப்போகும். எத்தனால் தாங்குகிற ஹோஸாக மாற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் டேங்கில் பெட்ரோலை வைத்துக்கொண்டு காரை நிறுத்தாதீர்கள், எத்தனால் தண்ணீரை இழுக்கும்.

எஞ்சினைப் பற்றி இவ்வளவு பேசினாலும், வாங்கும்போது எஞ்சினைப் பார்க்காதீர்கள். ஓடாத எஞ்சினை ஓட வைக்கலாம். பாடிதான் பிரச்சினை. முன் கண்ணாடி, டெயில் லைட், கிரில், டாஷ்போர்டு... இவை எந்த மாடல் கான்டெஸாவுக்கும் லேசில் கிடைக்காது. ஒரு டெயில் லைட்டுக்காகக் காயலாங்கடை காயலாங்கடையாக அலைய வேண்டும். அதனால் ஓடுகிற ஓட்டைக் காரைவிட, எல்லாச் சாமானும் ஒட்டிக்கொண்டிருக்கிற ஓடாத கார் மேல். ஒரு சின்ன காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போங்கள். கதவின் அடிப்பக்கம், சக்கர வளைவு, டிக்கித் தரை மூன்றிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அது தகரம் இல்லை, பட்டி.

நம் ஜில்லாவுக்கு என்று ஒரு தனி எச்சரிக்கை உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையும் ஆற்று வெள்ளமும் யாருக்கும் மறந்திருக்காது. அன்றைக்கு நின்ற இடத்திலேயே முங்கிய கார்கள் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் ஏராளம். கழுவி, பெயிண்ட் அடித்தால் வெளியே ஒன்றும் தெரியாது. சீட்டைக் கழற்றி, மேட்டைத் தூக்கிப் பாருங்கள். ஹெட்லைட் கிண்ணத்துக்குள், டாஷ்போர்டுக்குப் பின்னால் வண்டல் இருந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ஆற்று மண்ணின் நிறம் நமக்குத் தெரியாததா!

அடுத்தது பேப்பர். இதில்தான் பையன்கள் காசை விடுகிறார்கள். கடைசி கான்டெஸா வந்ததே 2002-இல் என்பதால் எல்லாமே இருபது வயது தாண்டியவை. 2025 ஆகஸ்டில் வந்த விதிப்படி, அந்த வயதுக் காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணமே 10,000 ரூபாய். 2022 ஏப்ரலுக்கு முன்னால் இது 600 ரூபாயாக இருந்தது! புதுப்பித்தால் ஐந்து வருஷம். அதுபோக எஃப்.சி., பசுமை வரி, இன்சூரன்ஸ். ஐம்பது வயது தாண்டிய கார்களுக்கு 2021-இல் 'விண்டேஜ்' என்று தனிப் பதிவு வந்தது, ஆனால் மூத்த கான்டெஸாவுக்கே அந்த வயது 2034-இல்தான் வரும். வாட்ச் கட்டத் தெரியாத பையனிடம் வாட்ச் கேட்கிற மாதிரி, மாணவன் பொழுதுபோக்குக்கு வைத்திருக்கிற காரையும் புகை கக்கிக்கொண்டு தினமும் ஓடுகிற வண்டியையும் ஒரே தட்டில் நிறுத்துவது சரியில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. வருஷத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர் ஓடுகிற காருக்கு ஒரு நடுவழி வேண்டாமா?

எங்க அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "ஏல, அத வச்சு நாக்கு வழிக்கவா? அந்தக் காசுக்கு ரெண்டு மாடு புடிக்கலாம்" என்றார். மாட்டுக்கு எஃப்.சி. கிடையாது, அதுவரை நியாயம்தான்.

பாளையங்கோட்டை பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் 1.5 ஒன்று நிற்கிறது. எஞ்சின் இறுகிப்போயிருக்கிறது, கண்ணாடி எல்லாம் முழுசாக இருக்கிறது, காந்தம் ஏழு இடத்தில் ஒட்டியது. ஆர்.சி.யில் பெயர் இருப்பவர் இறந்துவிட்டார். முதலில் ஃபாரம் 31 போட்டு வாரிசு பெயருக்கு மாற்றி, பிறகுதான் என் பெயருக்கு வரும். புரோக்கர் "கையெழுத்தெல்லாம் நான் பாத்துக்கிடுதேன் தம்பி, நீ வண்டிய எடு" என்கிறார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மூத்த மகள் மும்பையில் இருக்கிறாராம், பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது கையெழுத்துப் போடுவதாகப் போனில் சொன்னார். அட்வான்ஸ் பொங்கலுக்குப் பிறகுதான்.