இஸ்தான்புல் நகரில் குளிர்காலம்

ஜனவரி மாதத்தில் இஸ்தான்புல் நகருக்குப் போகப்போகிறோம் என்று சொன்னதும் நண்பர்கள் எல்லாரும் ஒரே வாக்காக, "வேறு மாதமே கிடைக்கவில்லையா?" என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அந்த நகரில் ஜனவரி மாதத்துச் சராசரி உஷ்ணம் சுமார் 6 டிகிரி சென்டிகிரேட்தான். கருங்கடல் பக்கமிருந்து வீசும் வடகீழ்க் காற்றுக்குப் 'போய்ராஸ்' என்று பெயர். அது அடிக்கும்போது, காது மடல் இருக்கிறதா, போய்விட்டதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். தெற்கேயிருந்து வரும் 'லோடோஸ்' காற்று வெதுவெதுப்பானது. ஆனால் அது கடலைக் கிளப்பிவிட்டுப் படகுப் போக்குவரத்தையே நிறுத்திவிடும். 1954-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் டான்யூப் நதியிலிருந்து மிதந்து வந்த பனிக்கட்டிகள் பாஸ்பரஸ் ஜலசந்தியை அடைத்துக்கொண்டன. ஜனங்கள் அவற்றின்மேல் ஏறி நடந்தார்கள்!

இருந்தபோதிலும் குளிர்காலத்தில் ஒரு சௌகரியம் உண்டு. கோடையில் வந்து குவியும் உல்லாசப் பிரயாணிகளின் கூட்டம் அப்போது இராது. நகரம் அதன் சொந்த ஜனங்களிடம் திரும்பி வந்துவிடுகிறது. ஐரோப்பாக் கரையில் படகு ஏறினால் இருபது நிமிஷத்தில் ஆசியாக் கரையில் இறங்கலாம். அதற்குள் இடுப்பு ஒடுங்கிய சிறு கண்ணாடிக் குவளையில் சூடான தேநீர் வந்துவிடும். எள் ஒட்டிய வளையல் போன்ற 'சிமித்' ரொட்டியைப் பிய்த்து எறிந்தால், கூடவே பறந்து வரும் கடற்பறவைகள் அதை ஆகாயத்திலேயே கவ்விக்கொள்ளும். கலாட்டாப் பாலத்தின் ஓரத்தில், மழையென்றும் பனியென்றும் பாராமல், தூண்டில்காரர்கள் வரிசையாக நிற்கிறார்கள்.

வேஃபா என்ற பேட்டையில் 1876-ஆம் வருஷம் முதல் நடந்துவரும் கடை ஒன்றில் 'போஸா' என்ற பானம் கிடைக்கும். தினை வகைத் தானியத்தை வேகவைத்து, அரைத்து, புளிக்கச் செய்து, சர்க்கரை சேர்த்து, மேலே லவங்கப்பட்டைப் பொடியைத் தூவி, வறுத்த கடலையும் போட்டுக் கொடுக்கிறார்கள். குளிர்கால இரவுகளில் இதைத் தெருத் தெருவாகக் கூவி விற்பதும் உண்டு. முதல் வாய் உள்ளே போனதும் நமக்கு ஊர் நினைவு வந்துவிட்டது. நம் கூழுக்கு இது ஒன்றுவிட்ட சகோதரன் என்றே சொல்லவேண்டும்.

நகரத்தின் மகுடமாகிய ஹாகியா சோபியாவைப் பார்க்காமல் வர முடியுமா? ஜஸ்டீனியன் சக்கரவர்த்தி ஐந்தே வருஷங்களில் கட்டி, 537-இல் முடித்த மாதா கோயில் இது. 1453-இல் சுல்தான் இரண்டாம் மெஹ்மத் நகரைப் பிடித்தபோது மசூதியாயிற்று, 1935-இல் பொருட்காட்சிசாலையாயிற்று, 2020-இல் மறுபடியும் மசூதியாயிற்று. 2024 முதல் அந்நிய நாட்டார் கட்டணம் செலுத்தி மேல்மாடத்திலிருந்து மட்டுமே பார்க்கலாம். அங்கிருந்து பார்க்கும்போது கண்ணில் முதலில் படுகிறவை எட்டுப் பெரிய வட்டப் பலகைகள். ஒவ்வொன்றும் ஏழரை மீட்டர் குறுக்களவு கொண்டது. 19-ஆம் நூற்றாண்டில் முஸ்தபா இஸ்ஸத் எப்பெந்தி என்ற எழுத்துக் கலைஞர் அவற்றில் அரபு லிபியில் திருநாமங்களைத் தீட்டினார். கீழே தொழ வந்தவர்களுக்கு அந்த நாமங்கள் பழக்கமானவை. எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் அதே லிபியில், அவர்களுடைய சொந்தப் பாஷையில் எழுதிய ஒன்று வெளியே சில கஜ தூரத்தில் இருந்தது. அதைப் படிக்கத்தான் ஆளில்லை.

அந்த விஷயம் நமக்குத் தெரிந்ததற்கு மழையே காரணம். ஹாகியா சோபியாவின் பின்புறம், தோப்காப்பு அரண்மனையின் வெளிவாயிலுக்கு எதிரே வந்தபோது சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் ஓர் அழகிய சதுர மண்டபத்தின் அகன்ற இறவாணத்தின் கீழ் ஒதுங்கினோம். அது சுல்தான் மூன்றாம் அஹ்மத் 1728-இல் கட்டுவித்த தண்ணீர் மண்டபம். நான்கு பக்கங்களிலும் குழாய்கள். நான்கு மூலைகளிலும் வேலைப்பாடு மிகுந்த கம்பிச் சாளரங்கள். அந்தச் சாளரங்களின் வழியாக வழிப்போக்கர்களுக்கு இனாமாகத் தண்ணீர் வழங்கினார்கள். நம் நாட்டுத் தண்ணீர்ப் பந்தல் தர்மம்தான். இங்கே அது சலவைக் கல்லில் நிற்கிறது. மண்டபத்தைச் சுற்றிலும், தண்ணீரைப் புகழ்ந்து செய்யுட்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

நம்மோடு அங்கே ஒதுங்கிய கஷ்கொட்டை வியாபாரியிடம் அந்த எழுத்துக்களைச் சுட்டிக் காட்டி, என்னவென்று ஜாடையில் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, "எஸ்கி யாஸி" என்று சொல்லிக் கையை விரித்தார். 'பழைய எழுத்து' என்று அதற்கு அர்த்தம். தம் தாய்ப்பாஷையில் எழுதியிருப்பதைப் பற்றி அவர் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

மண்டபத்தின் மறுபக்கத்தில், கல்லூரி மாணவி ஒருத்தி சுவரை நிமிர்ந்து பார்ப்பதும் நோட்டுப் புஸ்தகத்தில் எழுதுவதுமாக இருந்தாள். குளிரில் விரல்கள் சிவந்திருந்தன. நாம் கேட்டதைக் கண்டு அவளே அருகில் வந்து ஆங்கிலத்தில் ஒரு கதை சொன்னாள். அரபு லிபியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. மண்டபம் கட்டிய வருஷத்தை நேராக எழுதாமல், செய்யுளின் கடைசி அடியிலுள்ள எழுத்துக்களைக் கூட்டினால் வருஷம் வரும்படி பாடுவது அக்காலத்துப் புலவர்களின் சாமர்த்தியம். இங்கே அந்த அடியைச் சுல்தானே இயற்றினாராம். கூட்டிப் பார்த்தபோது ஹிஜ்ரி 1141 வரவில்லை, நாலு குறைந்தது. அரசருடைய பாட்டில் பிழை என்று யார் சொல்வது? செய்யித் வெஹ்பி என்ற புலவர், 'திற' என்று பொருள்படும் இரண்டு எழுத்துச் சொல் ஒன்றை முன்னால் சேர்த்தார். ஒன்றும் மூன்றும் நாலு! குழாயைத் திற என்று பொருளும் பொருந்தியது, கணக்கும் நேராயிற்று, அரசரின் மானமும் பிழைத்தது.

மழை விட்டதும் மண்டபத்துக்கு அருகிலிருந்து இறங்கும் குறுகிய தெரு வழியே நடந்தோம். அதன் பெயர் சோவுக்செஷ்மே; 'குளிர்ந்த குழாயடி' என்று சொல்லலாம். அரண்மனை மதிலை ஒட்டி இறங்கும் அந்தத் தெரு முடிகிற இடத்தில் குல்ஹானே பூங்காவின் வாயில் இருக்கிறது. 1928 ஆகஸ்டு 9-ஆம் தேதி இரவு, இந்தப் பூங்காவின் கடலோர முனையில் ஒரு கேளிக்கை நடந்துகொண்டிருந்தபோது, குடியரசுத் தலைவர் முஸ்தபா கமால் பாஷா எழுந்து, துருக்கி பாஷைக்குப் புதிய எழுத்து வரப்போகிறது என்று அறிவித்தார். நவம்பர் 1-ஆம் தேதி சட்டம் நிறைவேறிவிட்டது. லத்தீன் லிபியை ஆதாரமாகக் கொண்ட 29 எழுத்துக்கள். 1929 பிறந்ததும் பழைய லிபியில் புஸ்தகம் அச்சிடுவது நின்றது. தண்ணீர் மண்டபம் எழுந்து சரியாக இருநூறு வருஷம் கழித்து, அதிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், அதன் எழுத்து ஊமையாயிற்று.

இதைக் கேட்டவுடன் கமால் பாஷாவைக் குறை சொல்லிவிடுவது எளிது. உபாத்தியாயத் தொழில் செய்கிற நமக்கு அது நியாயமாகப் படவில்லை. துருக்கி பாஷையில் எட்டு உயிர்கள் உண்டு. அரபு லிபியிலோ உயிர்களைக் காட்டும் குறிகள் மிகச் சில. 'ஆனார்' என்று பொருள்படும் சொல்லையும், 'இறந்தார்' என்று பொருள்படும் சொல்லையும் ஒரே மாதிரியாகவே எழுத வேண்டும். ஒருவர் பாஷா பதவி பெற்றாரா, பரலோகப் பதவி பெற்றாரா என்பதை இடம் நோக்கித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்! 1927-இல் அந்த நாட்டில் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில்தான் இருந்தார்கள். 1935-இல் அந்தத் தொகை ஏறக்குறைய இருமடங்காயிற்று. இன்றைக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல். பெரியவர்களுக்காக 'தேசப் பள்ளிக்கூடங்கள்' திறந்தார்கள். குடியரசுத் தலைவரே ஊர் ஊராகச் சென்று கரும்பலகையின் பக்கத்தில் நின்றார். 'தலைமை உபாத்தியாயர்' என்ற பட்டம் அவருக்குக் கிடைத்த நவம்பர் 24-ஆம் தேதியை 1981 முதல் ஆசிரியர் தினமாகக் கொண்டாடி வருகிறார்கள். உழவனுடைய மகளும் பத்திரிகை படிக்கலாம் என்று ஆனது சாமானிய லாபமா?

ஆனால் லாபத்துக்கு எதிர்ப்பக்கத்தில் நஷ்டத்தையும் எழுதினால்தான் கணக்கு முடியும். மறுநாள் பனி பெய்திருந்தது. கட்டடக் கலைஞர் சினான் 1557-இல் முடித்த சுலைமானியா மசூதிக்குப் போனோம். பின்னால் உள்ள இடுகாட்டில், தலைப்பாகை செதுக்கிய கற்களும் குல்லாய் செதுக்கிய கற்களும், பெண்களுக்குப் பூங்கொத்துச் செதுக்கிய கற்களும், பனியைத் தலையில் சுமந்துகொண்டு நின்றன. ஒவ்வொன்றிலும் பல வரிகள். ஒரு தகப்பனார் தம் சிறு பையனைக் கையில் பிடித்தபடி கற்களுக்கு நடுவே நடந்து வந்தார். பையன் ஒரு கல்லைக் காட்டி ஏதோ கேட்டான். தகப்பனார் அதைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு பதில் சொல்லாமலே அவனை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

கமால் பாஷாவையும் இந்த விதி விடவில்லை என்பதுதான் விசித்திரம். 1927 அக்டோபரில், தேச விடுதலைப் போரின் சரித்திரத்தை அவர் ஆறு நாட்களில் 36 மணி நேரம் பேசினார். அந்தப் பிரசங்கம் முதலில் அச்சானது பழைய லிபியில். லிபியை மாற்றி அச்சிட்டபோதிலும் கஷ்டம் தீரவில்லை. 1932-இல் ஏற்பட்ட பாஷைச் சங்கம் அரபு, பார்ஸி வார்த்தைகளைக் களைந்து புதுச் சொற்களைப் புகுத்திவிட்டதால், இன்றைய இளைஞர்களுக்காக அதைத் துருக்கியிலிருந்தே துருக்கிக்கு மாற்றித் தரவேண்டியிருக்கிறது. 2014 டிசம்பரில் தேசியக் கல்வி மகாசபை உயர்நிலைப் பள்ளிகளில் பழைய துருக்கியைக் கற்பிக்க வேண்டும் என்று சிபாரிசு செய்தபோது, நாடெங்கும் பெரிய வாதம் கிளம்பிற்று. மதப் பழமையைத் திரும்பக் கொண்டுவரும் சூழ்ச்சி என்றார்கள் ஒரு சாரார்; பாட்டனார் கல்லறையைப் படிப்பது குற்றமா என்றார்கள் மற்றொரு சாரார். இரண்டு கட்சியிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

தண்ணீர் மண்டபத்து மாணவியிடம், "உங்களுக்கு இதில் என்ன ஆசை? கல்லூரிப் பாடமா?" என்று கேட்டிருந்தோம். பாடம் இல்லையாம். அவள் வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறதாம். அதில், கொள்ளுத் தாத்தா பாட்டிக்கு எழுதிய பதினோரு கடிதங்கள். வீட்டில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாது. எறியவும் மனம் வரவில்லை. ஒரு வருஷம் பழைய எழுத்தைக் கற்றுக்கொண்டு, இதுவரை மூன்று கடிதங்களைப் படித்திருக்கிறாள். "பெரிய ரகசியம் ஏதாவது இருந்ததா?" என்றோம். "அந்தக் குளிர்காலத்தில் கரி விலை ஏறிவிட்டது, குழந்தைக்கு இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். அந்தக் குழந்தை என் தாத்தா" என்று சொன்னாள்.

ஊர் திரும்பியபின்னும் அந்தத் தகரப் பெட்டி நம் மனத்தை விட்டுப் போகவில்லை. நம் லிபிக்கு அப்படிப்பட்ட கண்டம் எதுவும் நேரவில்லை. 1978-இல் நம் அரசாங்கம் 'ணை', 'லை', 'றா' முதலிய சில எழுத்துக்களின் உருவத்தை மாற்றியது. ஆனாலும் பழைய அச்சுப் புஸ்தகத்தை நம் குழந்தைகள் பத்து நிமிஷப் பழக்கத்தில் படித்துவிடுகிறார்கள். ஆகையால் பெருமைப்பட நமக்குப் பாத்தியம் உண்டு என்று எண்ணி, நம் வீட்டுப் பரணிலிருந்த பாட்டனாரின் கணக்குப் புஸ்தகத்தை எடுத்து வந்து, நம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தோம். எழுத்துக்களைப் படித்தார்கள். தமிழ் எண்களும், மாகாணி, முந்திரி முதலிய பின்னக் குறிகளும் வந்த இடத்தில் நாற்பது பிள்ளைகளும் விழித்தார்கள். உள்ளதைச் சொன்னால், பின்னக் குறிகளில் பாதி நமக்கும் தெரியவில்லை.

துருக்கியர் சட்டம் போட்டு மறந்தார்கள். அதற்கு விலையாக எழுத்தறிவாவது பெற்றார்கள். நாம் எந்தச் சட்டமும் இல்லாமல், எதையும் பெறாமல் மறந்துகொண்டிருக்கிறோம். நேயர்களின் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு கணக்குப் புஸ்தகமோ, ஓலைக் கட்டோ, பழைய கடிதக் கட்டோ இருக்கக்கூடும். படித்துச் சொல்லக்கூடிய முதியவர் ஒருவர் வீட்டிலோ, தெருவிலோ இருக்கும்போதே, ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கீழே இறக்கித் தூசி தட்டிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.