கொடிக்கும் உண்டு தாய்வழி



இளஞ்செம்பனை நட்ட இடத்தில் தரையே தெரியாமல் படர்ந்து கிடக்கும் அகன்ற இலைக் கொடியை நீங்கள் அறிவீர்கள். கன்றின்மேல் ஏறும் அந்தக் கொடியை இழுத்துப் போடுவது தோட்டத்து வேலைகளில் ஒன்று. அதன் பெயர் முக்குனா பிராக்டியாட்டா. அவரைக் குடும்பத்துக் காட்டுக்கொடி. நாட்டு வைத்தியத்தில் பேர்போன பூனைக்காலிக்கு நெருங்கிய உறவு.

இதன் பிறந்தகம் வடகிழக்கு இந்தியாவின் திரிபுரா பக்கத்துக் காடுகள். கேரள ரப்பர் தோட்டங்களில் வளர்ந்து, 1991-இல் கோல்டன் ஹோப் நிறுவனத்தின் வழியாக மலேசியா வந்தது. களையை அடக்குகிறது, மண் அரிக்காமல் காக்கிறது, வேர் முடிச்சுகளில் தழைச்சத்தைச் சேர்க்கிறது.

ஆனால் நம் சமவெளி வெப்பத்தில் இது விதை பிடிப்பது அரிது. ஆகவே இந்தியாவிலிருந்து விதை தருவிக்கிறார்கள். அல்லது தண்டை வெட்டி வேர்விட வைத்து நடுகிறார்கள். ஒரு கொடியில் வெட்டிய நூறு தண்டும் அந்த ஒரே கொடிதான். அதில் என்ன கெடுதல் என்கிறீர்களா? சொல்கிறேன்.

செடியின் உயிரணுவுக்குள் மூன்று மரபேடுகள் உள்ளன. நடுவிலுள்ள பெரிய ஏட்டில் தாய்க்கும் தந்தைக்கும் பங்குண்டு. மற்ற இரண்டும் சிறியவை. ஒன்று, இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகத்தில் இருக்கிறது. மற்றொன்று, உயிரணுவுக்குச் சக்தி தரும் இழைமணியில் இருக்கிறது. பெரும்பாலான செடிகளில் இவ்விரண்டும் தாய்வழிச் சீதனம், தந்தைக்குப் பங்கில்லை. எனவே இவற்றைப் படித்துப் பார்த்தால், ஒரு பயிர் எத்தனை தாய்வழிகளிலிருந்து வந்தது என்று கண்டுகொள்ளலாம்.

தாய்வழி ஒன்றாகிப் போனால் என்ன நேரும் என்பதை 1970-இல் அமெரிக்கா கண்டது. சோளக்கதிர் விதை உற்பத்தியில் ஆண்பூவைக் கிள்ளும் கூலியை மிச்சப்படுத்த, மகரந்தம் தராத ஒரே தாய்வழியை எங்கும் பரப்பியிருந்தார்கள். நாட்டுப் பயிரில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் அந்த வழிதான். அதன் இழைமணியிலிருந்த ஒரு குறையைப் பற்றிக்கொண்டு இலைக்கருகல் பூஞ்சை பரவியது. அந்த ஓராண்டில் மட்டும் விளைச்சலில் ஏறக்குறைய 15 விழுக்காடு பாழாயிற்று.

நமக்கும் இது அந்நியக் கதையன்று. 1896-இல் டான் சே யான் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவின் ரப்பர் மரங்களில் பெரும்பாலானவை, 1877-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்த 22 கன்றுகளின் வழிவந்தவை என்பார்கள். இந்தக் குறுகிய வேரை விரிவாக்கத்தான் 1981-இல் அறிஞர்கள் பிரேசிலின் அமேசான் காடுகளுக்குப் போய்ப் புதிய விதைகளைத் திரட்டி வந்தார்கள்.

முக்குனாவுக்கும் அந்த அக்கறை வேண்டும். திரிபுரா காட்டில் எத்தனை தாய்வழிகள் உள்ளன, அவற்றில் எத்தனை நம் தோட்டங்களுக்கு வந்திருக்கின்றன என்று ஆராய்ந்து, விடுபட்டவற்றைக் காக்க வேண்டும். ஒரே வழிக் கொடியை நோய் தாக்கினால் களை மண்டும், மண் கரையும். அந்தப் பாடு முதலில் வந்து விழுவது பாட்டாளியின் தோளில்தான்.

தாய்மார்களே, வீட்டுத் தோட்டத்திலும் இதையே கைக்கொள்ளுங்கள். அவரையோ, காச்சாங் பூத்தோலோ, அடுத்த போகத்துக்கு விதை எடுக்கும்போது ஒரே செடியில் எடுக்காதீர்கள். பல செடிகளில் எடுங்கள். அண்டை வீட்டாரோடு மாற்றிக்கொள்ளுங்கள். ஒன்று பட்டுப்போனாலும் இன்னொன்று கைகொடுக்கும்.