விரல் நுனிச் சோதனை மட்டும் போதுமா?

தாம்பரத்திற்கு மேற்கே மணிமங்கலம், சோமங்கலம், படப்பை வட்டாரங்களில் ஏரியை நம்பி நெல்லும், கிணற்றை நம்பிக் கீரையும் கத்தரியும் பயிரிடும் சிறு விவசாயிகள் இன்னும் இருக்கிறார்கள். சுற்றிலும் மனைக்கற்கள் நடப்பட்டுவிட்ட நிலையிலும் இவர்கள் நிலத்தை விடவில்லை. இவர்களுடைய பிள்ளைகள் தாம்பரம், குரோம்பேட்டை, ஒரகடம் பக்கம் வேலைக்குச் செல்கிறார்கள். கைப்பேசியில் சொன்னால் வீட்டுக்கே வந்து இரத்தம் எடுத்துச் செல்லும் சோதனைக் கூடங்களை இப்பிள்ளைகள் அறிவார்கள். விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைக் கொண்டு சிறுநீரகத்தின் நிலையைப் பார்க்கும் வீட்டுச் சோதனைகளும் வந்துள்ளன. "அப்பாவுக்கு ஒன்று பார்த்துவிடலாம்" என்று பிள்ளைகள் எண்ணுவது நல்ல எண்ணமே. ஆனால் சிறு விவசாயியின் முதற் செலவு இந்தச் சோதனைக்கு ஆக வேண்டுமா என்பது யோசிக்கத்தக்கது.

இச்சோதனை அளப்பது கிரியாட்டினின் என்னும் கழிவுப் பொருளை. தசைகளில் இது அன்றாடம் உண்டாகிறது. சிறுநீரகம் இதை வடித்து வெளியேற்றுகிறது. வடிக்கும் திறன் குறைந்தால் இரத்தத்தில் இதன் அளவு உயரும். இதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. முதலாவது, சிறுநீரகத்தின் வேலைத் திறன் ஏறத்தாழப் பாதி குறையும் வரையில் இந்த அளவு பலருக்கு வழக்கமான எல்லையைத் தாண்டுவதில்லை. அதாவது, பயிர் பாதி கருகிய பிறகே இந்த மணி அடிக்கிறது. இரண்டாவது, ஒரே எண் எல்லோருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. கிரியாட்டினின் 1.1 மில்லிகிராம் என்று சீட்டில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 25 வயது இளைஞருக்கு, வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 95 என்று வரும், கவலையில்லை. அதே 1.1 அளவுள்ள 65 வயதுப் பெண்ணுக்கு 56தான் வரும். இது மூன்று மாதம் 60க்குக் கீழேயே நின்றால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்பது மருத்துவர்களின் கணக்கு. "நார்மல்" என்று அச்சிட்ட சீட்டை அலமாரியில் வைத்துவிட்டு அந்தப் பெண் நடவுக்குச் சென்றுவிடக்கூடும்.

மண் மாதிரி எடுப்பதில் பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். உரமிட்ட மறுநாள் மண் எடுப்பதில்லை. வரப்போரத்திலும் மர நிழலிலும் எடுப்பதில்லை. இரத்தத்திற்கும் இதே ஒழுங்கு உண்டு. முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி உண்டிருந்தாலும், நாளெல்லாம் வெயிலில் அறுவடை செய்து தண்ணீர் குடிக்காமல் இருந்தாலும் கிரியாட்டினின் சற்று உயர்ந்தே காட்டும். சேற்றுக் கையைச் சரியாகக் கழுவாமல், விரலைப் பிதுக்கிப் பிதுக்கி எடுத்த சொட்டும் நம்பத்தக்கதன்று. ஒரே ஒரு எண்ணைப் பார்த்து மகிழ்வதும் தவறு, அஞ்சி நடுங்குவதும் தவறு.

அப்படியானால் முதலில் எதைப் பார்ப்பது? சிறுநீரைத்தான். சிறுநீரகத்தின் சல்லடை பழுதாகும்போது, இரத்தத்தில் தங்க வேண்டிய அல்புமின் என்னும் புரதம் சிறுநீரில் கசியத் தொடங்குகிறது. பலருக்குக் கிரியாட்டினின் உயர்வதற்கு ஆண்டுகள் முன்பே இது தெரிந்துவிடும். காலையில் கழிக்கும் முதல் சிறுநீரில் ஒரு பட்டையை நனைத்து நிறத்தைப் பார்த்தால் போதும். நுரை அடங்காமல் நிற்பதும் ஓர் அறிகுறியே, ஆனால் அதையே சோதனையாகக் கொள்ளக்கூடாது.

இது புதிய யோசனை அன்று. டாக்டர் எம்.கே. மணி அவர்களின் முயற்சியால் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் என்னும் அமைப்பு 1990களின் பிற்பகுதியில் சென்னையை அடுத்த கிராமங்களில், சுமார் 25,000 மக்களிடையே, இதைச் செய்துகாட்டியது. உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி அளித்தார்கள். அவர்கள் வீடு வீடாகச் சென்று சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் பார்த்தார்கள், இரத்த அழுத்தம் அளந்தார்கள். குறை கண்டவர்களுக்கு விலை குறைந்த பழைய மாத்திரைகளே கொடுக்கப்பட்டன. 2003-இல் வெளியான இவர்களது கணக்குப்படி, ஆளுக்கு ஆண்டுக்கு 12 ரூபாய் 50 காசு அளவே செலவானது. பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. நம் பக்கத்து ஊர்களில் நடந்த இந்த வேலையை நாம் மறந்துவிட்டது வியப்பே.

விவசாயிக்கு இதில் தனிக் கவலை உண்டு. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவருக்கே சிறுநீரகம் கெடும் என்ற எண்ணம் வயலில் பொய்த்து வருகிறது. இலங்கையின் அனுராதபுரம் பக்கத்து நெல் விவசாயிகளிடமும், ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியிலும், காரணம் இன்னதென்று உறுதியாகாத சிறுநீரக நோய் பல்லாண்டுகளாக இருந்து வருகிறது. தமிழகத்து விவசாயத் தொழிலாளர்களிடையே சென்னை மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் செய்த ஆய்வு 2025-இல் வெளியாயிற்று. முதற் சோதனையில் குறை தெரிந்தவர்களில் பலருக்கு மூன்று மாதம் கழித்து அது நிலைக்கவில்லை. நூற்றுக்குச் சுமார் 5 பேருக்கு நிலைத்தது. அந்த 5 பேரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குச் சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ கிடையாது. வெயிலின் மேல் சந்தேகம் வலுத்துள்ளது. இவ்வகை நோயாளிகள் சிலருக்குச் சிறுநீரில் புரதம் குறைவாகவே கசியும் என்பதால், ஆண்டுக்கணக்கில் வெயிலில் உழைத்தவர்கள் சிறுநீரோடு இரத்தத்தையும் ஒரு முறை நல்ல சோதனைக் கூடத்தில் பார்த்துக்கொள்வது சரி. ஐயமான எண் வந்தால் மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும்.

நவரை அறுவடையும் சொர்ணவாரி நடவும் கோடையில்தான் வருகின்றன. நிகராகுவாவின் கரும்பு வெட்டுவோருக்கு நிழலும் ஓய்வும் தண்ணீரும் முறையாகக் கொடுத்தபோது சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. வரப்பில் குடம் இருந்தால் போதாது. கால் மணிக்கு ஒரு முறை ஒரு டம்ளர் என்று குடிக்க வேண்டும். (சிறுநீரகமோ இதயமோ ஏற்கெனவே பழுதானவர்கள் மருத்துவர் சொன்ன அளவே குடிக்கலாம்.) அன்று மாலை உடம்பு வலி என்று மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையைச் சீட்டில்லாமல் வாங்கி விழுங்குவது, தண்ணீர் வற்றிய சிறுநீரகத்தின் மேல் இன்னொரு அடி. இப்பழக்கம் நம் பக்கத்தில் மிகுதி. கடைக்காரரும் கேட்டவுடன் கொடுத்துவிடுகிறார்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தமும் சிறுநீரும் காசில்லாமல் பார்க்கலாம். இருந்தும் சிறு விவசாயி அங்கே போவதில்லை. ஒரு முற்பகல் வேலை கெடும் என்பதே காரணம். ஆகவே சோதனை அவரிடம் வர வேண்டும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு முறை வருவதற்காக விவசாயிகள் காத்துக் கிடக்கிறார்கள். பயிர்க்கடனுக்காகக் கூட்டுறவுச் சங்கத்தின் திண்ணையிலும் அமர்ந்திருக்கிறார்கள். 2021-இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர், இரத்த அழுத்தக் கருவியும் நூறு பட்டைகளும் கொண்டு ஒரு நாள் அங்கே அமர்ந்தால் ஓர் ஊரையே பார்த்துவிடலாம். கொள்முதல் சீட்டோடு இந்தச் சீட்டும் கைக்கு வரும்.

இதற்குப் பணம் ஏது என்று கேட்கலாம். டயாலிசிஸ் தொடங்கிய ஒருவர் வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம் கருவியோடு படுத்திருக்க வேண்டும். செலவை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஏற்றாலும் மடை திறப்பவர் இல்லை, கீரைக் கட்டைத் தாம்பரம் சந்தைக்கு ஏற்றுபவர் இல்லை. மனை வாங்கும் தரகர் அந்த வீட்டு வாசலுக்கு வருவதற்கு அதிக நாள் ஆவதில்லை.