மறுதேர்வு இருக்கிறது, மறுபடிப்பு எங்கே?

கரும்பு வெட்டு தொடங்கும் மாதமும் கல்லூரிகளில் செமஸ்டர் தேர்வு நடக்கும் மாதமும் கள்ளக்குறிச்சி மாவட்டத்து வடக்கனந்தலில் ஏறத்தாழ ஒன்றாகவே வருகின்றன. பக்கத்துக் கச்சிராயபாளையத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அரவையைத் தொடங்கிவிட்டால் வயலில் ஆள் போதாது. கல்லூரிக்குப் போகும் பிள்ளையும் கத்தியோடு இறங்குகிறான். மேலே கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் வேலை. அதுவும் இல்லாத வீட்டார் காப்பித் தோட்டங்களுக்கும் வெளியூர்க் கட்டட வேலைக்கும் குடும்பத்தோடு கிளம்பிவிடுகிறார்கள். இந்த வேலைகளுக்கு நடுவில்தான் முதல் தலைமுறைப் பிள்ளைகள் ஹால் டிக்கெட் வாங்கிப் பரீட்சை எழுதுகிறார்கள். முடிவு வரும்போது ஒன்றிரண்டு தாள்கள் நின்றுவிடுகின்றன. அரியர்.

அந்தச் சொல்லுக்கு நிலுவை என்று பொருள். வீட்டு வரி, தண்ணீர் வரி, சங்கத்துக் கடன் ஆகியவற்றின் பாக்கிக்கு வழங்கும் சொல்லையே படிப்புக்கும் வைத்திருக்கிறோம். பல்கலைக்கழகங்களும் அதை ஒரு பாக்கியாகத்தான் நடத்துகின்றன. கட்டணத்தைக் கட்டு, அடுத்த முறை வந்து எழுது, தேறினால் கணக்குத் தீர்ந்தது. அந்த மாணவன் எந்தப் பாடத்தில், எந்த இடத்தில் தடுக்கினான் என்று யாரும் கேட்பதில்லை. புரியாத பாடத்தை இன்னொரு முறை அவனுக்குச் சொல்லித்தர விதிகளில் இடமே இல்லை. தமிழ்நாட்டின் கலை அறிவியல் கல்லூரிகளில் மறுதேர்வு தாராளமாக இருக்கிறது, மறுபடிப்பு இல்லை. இது மாற வேண்டும். மாற்றத்தைக் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலிருந்து தொடங்குவது நியாயம் என்றும் சொல்கிறோம்.

விதிகள் நடைமுறையில் என்ன செய்கின்றன என்று பார்ப்போம். நம் கலைக் கல்லூரிகளில் பொதுவாக உள்ள ஏற்பாடு இது: வருகைப் பதிவு நூற்றுக்கு 75 இருந்தால் தேர்வு எழுதலாம். 65-க்குக் குறையாமல் இருந்தால் கண்டோனேஷன் கட்டணம் கட்ட வேண்டும். அதற்கும் கீழே போனால் அந்தத் தேர்வை எழுத முடியாது, அடுத்த தேர்வுவரை காத்திருக்க வேண்டும். 50-க்கும் கீழே இறங்கிவிட்டால் அந்தச் செமஸ்டரையே மறுபடி படிக்க வேண்டும். வேலைக்குப் போன குடும்பத்தோடு இரண்டு மாதம் போய்வந்த பிள்ளை இந்தப் படிக்கட்டில் எங்கே நிற்பான் என்பதை யாரும் எளிதில் ஊகிக்கலாம். மறுபடி ஒரு செமஸ்டர் படிப்பது ஒருவகையில் நல்லதுதானே என்று தோன்றலாம். ஆனால் வகுப்பில் உட்கார்ந்து திரும்பப் படிக்கும் வாய்ப்பு, வராமல் போனதற்குத் தண்டனையாகத்தான் விதிகளில் இருக்கிறது. வகுப்புக்கு ஒழுங்காக வந்தும் பாடம் புரியாமல் தோற்ற மாணவிக்கு அந்த வாய்ப்பு கிடையாது.

இண்டர்னல் மதிப்பெண் இன்னொரு முள். பல இடங்களில் 25 மதிப்பெண் உள்மதிப்பீட்டுக்கும் 75 பல்கலைக்கழகத் தேர்வுக்கும் போகிறது. முதல் முறை படிக்கும்போது குறைவாக வாங்கிய இண்டர்னல், அரியர் எழுதும் ஒவ்வொரு முறையும் கூடவே வருகிறது. அதைத் திருத்த வழியில்லை. அண்ணா பல்கலைக்கழகம் தன் பொறியியல் மாணவர்களுக்கு இதில் ஒரு நல்ல விதி வைத்திருந்தது. மூன்றாம் முயற்சியிலிருந்து இண்டர்னலை ஒதுக்கிவிட்டு, செமஸ்டர் தேர்வில் மட்டும் 50 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி. பொறியியல் மாணவருக்குச் சரியென்று பட்டது பி.ஏ. வரலாறு படிக்கும் மலைவாழ் மாணவிக்கு மட்டும் எப்படிச் சரியில்லாமல் போகும்?

பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ முடிவு மே மாதம் வருகிறது. தோற்ற பிள்ளைக்கு அடுத்த சில வாரங்களிலேயே துணைத் தேர்வு. தேறினால் அந்த ஆண்டே கல்லூரியில் சேரலாம். ஓர் ஆண்டு வீணாகக் கூடாது என்ற அக்கறை அந்த ஏற்பாட்டில் இருக்கிறது. அதே பிள்ளை ஆறு மாதம் கழித்துக் கல்லூரியில் ஒரு தாளில் தோற்றால் அந்த அக்கறை எங்கே போகிறது? சென்னைப் பல்கலைக்கழகம் இறுதியாண்டில் ஒரே ஒரு தாள் மட்டும் நின்றவர்களுக்கு உடனடித் தேர்வு நடத்துகிறது. அது நல்ல முன்மாதிரி. ஆனால் முதலாண்டிலேயே ஆங்கிலத் தாளில் தடுக்கி, அந்தப் பயத்திலேயே கல்லூரியை விட்டு நின்றுவிடுகிறவரை இறுதியாண்டுச் சலுகை எட்டாது. தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு முதல் செமஸ்டரின் ஆங்கிலத் தாள்தான் முதல் மேடு. அங்கேதான் கை கொடுக்க வேண்டும்.

இந்த மாவட்டத்துக்கு வேறொரு சங்கடமும் உண்டு. முன்பு இங்குள்ள கலைக் கல்லூரிகள் வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 2021-இல் விழுப்புரத்தில் ஜெயலலிதா பெயரில் ஒரு பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டு, அதே ஆண்டு அது சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி கல்லூரிகள் சிதம்பரத்தின் கீழ் வந்தன. அரசியல் வாதங்கள் ஒருபுறம் இருக்கட்டும். வடக்கனந்தலிலிருந்து பார்த்தால் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் இருக்கும் சேர்க்காடு 150 கிலோமீட்டருக்கு அப்பால், சிதம்பரம் 100 கிலோமீட்டருக்கு அப்பால். பழைய ஆண்டில் சேர்ந்தவரின் நிலுவைத் தாள் ஒரு திசையில், அவர் தங்கையின் தாள் இன்னொரு திசையில். ஒரு சந்தேகம் கேட்க, ஒரு மதிப்பெண் பட்டியல் வாங்க, விடுபட்ட பதிவைச் சரிசெய்ய ஒருநாள் கூலியும் பஸ் காசும் போகிறது. இதற்கிடையில் 2023-24 முதல் மாநில உயர்கல்வி மன்றத்தின் பொதுப் பாடத்திட்டம் வந்தது. அதற்கு முன் சேர்ந்தவர்கள் பழைய பாடத்திட்டத்தில்தான் அரியர் எழுத வேண்டும். அந்தப் பாடத்தை இப்போது எந்த வகுப்பிலும் யாரும் நடத்துவதில்லை.

கல்வராயன் மலையின் கதை தெரியாதவர்களுக்கு இதெல்லாம் சின்னக் குறைகளாகப் படலாம். அங்கே ஜாகிர்தார்களின் ஆளுகை முடிவுக்கு வந்ததே 1976-இல்தான். நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழித்து. இன்று கல்லூரியில் படிக்கும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளையின் தாத்தா ஜாகிருக்கு ஊழியம் செய்தவராக இருக்கக்கூடும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நேர்ந்த கள்ளச்சாராயச் சாவுகள் நாட்டை உலுக்கிய பிறகு, கல்வராயன் மலை மக்களின் வாழ்வு நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாலை, பேருந்து, மருத்துவம், பள்ளி என்று பேச்சு வந்தது. கல்லூரிவரை வந்து பாதியில் நின்றுவிடும் பிள்ளைகளும் அந்தப் பேச்சில் இடம்பெற வேண்டியவர்களே. மலையிலிருந்து ஒரு பெண் பட்டப்படிப்புக்கு இறங்கி வருவதற்குள் உறைவிடப் பள்ளி, விடுதி, உதவித்தொகை, புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய் என்று அரசு எத்தனையோ செலவு செய்கிறது. அத்தனையும் ஓர் ஆங்கிலத் தாளின் முன் நின்றுபோவதை எப்படிப் பொறுத்துக்கொள்கிறோம்?

அரியர் என்றாலே நம் அரசியலுக்கு நினைவுக்கு வருவது 2020 ஆகஸ்ட். கொரோனாக் காலத்தில், தேர்வுக் கட்டணம் கட்டியிருந்த அரியர் மாணவர்கள் எழுதாமலே தேர்ச்சி என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். வாழ்த்துச் சுவரொட்டிகள் முளைத்தன. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு ஒப்பவில்லை. அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் பாலகுருசாமி உள்ளிட்டோர் நீதிமன்றம் போனார்கள். அரியர் தேர்வை ரத்து செய்ததை ஏற்க முடியாது என்று 2021 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் சொன்னது. எட்டு மாதங்கள் மாணவர்கள் தேறினோமா இல்லையா என்று தெரியாமல் நின்றார்கள். அந்த அறிவிப்பு தவறு என்பதே நம் கருத்து. படிப்பில் பின்தங்கியவருக்கு எழுதாத தேர்வின் தேர்ச்சியைக் கொடுப்பது அவர் கையிலிருந்து படிப்பைப் பிடுங்கிக்கொள்வது.

அந்த அறிவிப்புக்கு அடுத்த ஆண்டு வேறொன்று நடந்தது. 2001-02 கல்வியாண்டு தொட்டு நிலுவை வைத்திருந்த பழைய பொறியியல் மாணவர்களுக்கு அண்ணா பல்கலைக்கழகம் சிறப்பு வாய்ப்பு அளித்தது. தேர்வுக் கட்டணத்துக்கு மேல் 5,000 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்றது. இருபது ஆண்டுக்கு முன் கைவிட்ட தாளை நாற்பது வயதில் எழுத ஆட்கள் இருக்கிறார்கள் என்பதைப் பல்கலைக்கழகமே அதன்மூலம் ஒப்புக்கொண்டது. அந்த ஆசையை மதிக்கிறோம். ஆனால் கதவு எப்போது திறக்கும், எவ்வளவு காசு கேட்கும் என்று தெரியாமல் செய்தித்தாளைப் பார்த்துக் காத்திருப்பது உரிமை ஆகாது. இத்தகைய வாய்ப்புக்கு வழங்கும் 'கிரேஸ் சான்ஸ்' என்ற பெயரே அது கருணை என்பதைச் சொல்கிறது.

காலவரம்பிலும் தெளிவில்லை. பட்டப்படிப்பின் காலத்துக்கு மேல் இரண்டு ஆண்டு, தவிர்க்க முடியாத சூழலில் இன்னும் ஓராண்டு என்று பல்கலைக்கழக மானியக் குழு 2015-இல் சொன்னது. 2022-இல் அதே குழு தன் புதிய பாடத்திட்டக் கட்டமைப்பில், இடையில் விலகியவர் திரும்பி வரலாம், ஏழு ஆண்டுக்குள் முடிக்கலாம் என்றது. கள்ளக்குறிச்சி மாணவருக்கு இவற்றில் எது பொருந்தும் என்பதைத் தமிழில் ஒரு பக்கத் தாளாக எழுதிக் கல்லூரிச் சுவரில் ஒட்டினாலே பாதிக் குழப்பம் தீரும்.

ஒரு பழைய செய்தி. கும்பகோணத்திலும் பிறகு பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. படித்த சீனிவாச ராமானுஜன் தோற்றதை எல்லோரும் அறிவார்கள். அந்தக் கால விதி பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. கணக்கில் எவ்வளவு எடுத்தாலும் மற்றப் பாடங்களில் விழுந்தால் தேர்வே தோல்வி. தேறிய தாளை வைத்துக்கொண்டு தோற்றதை மட்டும் எழுதலாம் என்ற இன்றைய அரியர் முறை அதிலிருந்து பார்த்தால் பெரிய முன்னேற்றம். அதை ஒழித்துவிட்டுத் தோற்றவர்களை ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைக்க வேண்டும் என்று கல்வித் தரத்தின் பேரில் சிலர் கேட்கிறார்கள். அவர்களோடு நாம் உடன்படவில்லை. நிறுத்திவைத்தால் வடக்கனந்தல் பிள்ளை திரும்பி வரமாட்டான், திருப்பூர் பஸ் ஏறிவிடுவான்.

தோற்பதற்கு முன்பே விலகும் வழியும் வேண்டும். அண்ணா பல்கலைக்கழக விதிகளில், தக்க காரணம் இருந்தால் ஒரு செமஸ்டரின் தேர்வுகளிலிருந்து முன்கூட்டியே விலகிக்கொள்ள ஒருமுறை அனுமதி உண்டு. அப்படி விலகியது பின்னால் வகுப்பு நிர்ணயிக்கும்போது குறையாகக் கொள்ளப்படாது. இலங்கைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மறுமுறை எழுதுபவருக்கு 'சி'க்கு மேல் தரம் கிடைக்காது. ஆனால் உடல்நலக் காரணத்தை முறையாகக் காட்டினால் அடுத்த தேர்வு முதல் முயற்சியாகவே கருதப்படும். தர வரம்பு நமக்கு வேண்டாம். காரணம் கேட்டு முதல் முயற்சியைக் காப்பாற்றும் ஏற்பாடு வேண்டும். பிரசவம், வீட்டில் சாவு, பிழைப்புக்காகக் குடும்பம் இடம்பெயர்ந்தது ஆகியவையும் காரணங்களே. வளாக நேர்காணலுக்கு வரும் நிறுவனங்கள் 'ஹிஸ்டரி ஆஃப் அரியர்' கேட்கும் காலத்தில், ஒரு தாளின் முதல் முயற்சி வேலையையே முடிவு செய்துவிடுகிறது.

கூடுதலாகக் கற்பிக்க ஆசிரியர் எங்கே என்று கேட்பார்கள். ஆசிரியர்கள் கல்லூரியிலேயே இருக்கிறார்கள். நம் அரசுக் கல்லூரிகளின் வகுப்புகளைப் பெரும்பாலும் தாங்கி நிற்கும் கௌரவ விரிவுரையாளர்களுக்கு ஆண்டில் 11 மாதமே ஊதியம். மே மாதம் சம்பளமும் இல்லை, வேலையும் இல்லை. அந்த மாதத்துக்கு ஊதியம் கொடுத்து, நின்றுபோன தாள்களுக்கு நான்கு வாரம் வகுப்பு நடத்தச் சொல்லலாம். ஆசிரியருக்குப் பன்னிரண்டாம் மாதச் சம்பளம் கிடைக்கும், மாணவருக்குப் பாடம் கிடைக்கும். விடுதிகளை அந்த மாதம் பூட்டாமல் வைத்திருந்தால் மலைப் பிள்ளைகளும் தங்கிப் படிப்பார்கள். பழைய பாடத்திட்டத்துக்காரர்களுக்கு இணையான புதிய தாளை எழுத விட்டால், பழைய பாடத்துக்குத் தனி ஆசிரியர் தேட வேண்டியதில்லை. பணம் ஆகும்தான். ஒரு பிள்ளைக்கு மூன்றாண்டு செலவிட்டுப் பட்டமில்லாமல் அனுப்புவதை விடக் குறைவாகவே ஆகும்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிமன்றத்துக்கும் உயர்கல்வித் துறைக்கும் நம் வேண்டுகோள் இது. முடிவு வெளியான ஆறு வாரத்துக்குள் எல்லாச் செமஸ்டர் மாணவர்க்கும் துணைத் தேர்வு நடத்துங்கள். அதற்கு முன் வகுப்பு நடத்துங்கள். பழங்குடியினரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளும் முதல் மறுமுயற்சிக்குக் கட்டணம் கட்ட வேண்டாம் என்று ஆணையிடுங்கள். நிலுவைத் தாள் தொடர்பான எல்லா வேலையையும் கள்ளக்குறிச்சியிலேயே முடிக்க ஓர் அலுவலகம் திறங்கள். வரும் மே மாதம் மலையிலிருந்து இறங்கும் முதல் பஸ்ஸில், நின்றுபோன தாளைப் படிக்க ஒரு மாணவி வர வேண்டும். அவள் வரும்போது கல்லூரிக் கதவு திறந்திருக்கட்டும்.