நரம்பு வலிக்கு எந்தச் சிகிச்சை?



கிராமங்களில் நடக்கும் பெண்கள் குழுக் கூட்டங்களிலும், எமக்கு வரும் கடிதங்களிலும் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "காயம் ஆறிக் கனகாலம். ஆனால் கால் இன்னும் நெருப்பாய் எரியுது. எல்லா மருந்தும் செய்து பாத்தாச்சு. இனி எதைச் செய்யிறது?" என்பதே அக்கேள்வி. நான் வைத்தியர் அல்ல. ஆனால் இப்படிப்பட்ட பல பெண்களோடு கிளினிக் வரிசையில் காத்திருந்தவள். அங்கு கண்டவற்றையும், வைத்தியர்களிடம் கேட்டு அறிந்தவற்றையும் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஓர் அக்கா இருக்கிறார். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துத்தான் குடும்பத்தைப் பார்க்கிறார். அவருடைய சம்மதத்தோடு, ஆளை அடையாளம் தெரியாதபடி இதனை எழுதுகிறேன். 2009 பங்குனியில் மாத்தளனில் ஷெல் வீழ்ந்தபோது அவரது வலது காலில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே காயம் ஏற்பட்டது. செஞ்சிலுவைச் சங்கக் கப்பலில் புல்மோட்டைக்குக் கொண்டு செல்லப்பட்டார். உயிர் தப்பியது, காலும் தப்பியது. ஆனால் ஒரு சிறு துண்டு உள்ளேயே இருந்துவிட்டது. அன்று தொடங்கிய எரிவு, இரவில் போர்வை பட்டாலே துடிக்கிற அளவுக்கு இன்றும் இருக்கிறது. பாதத்தின் மேற்பக்கத்தில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டுதான் படுப்பார்.

போன வருடம் நான் அவர் வீட்டுக்குப் போனபோது, மகளுக்கென்று சேர்த்து வைத்திருந்த நகையை அடகு வைக்க ஆயத்தமாக இருந்தார். கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் செய்து துண்டை எடுத்தால் வலி போய்விடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "கிளினிக்கிலை தந்த குளிசை எங்கை அக்கா?" என்று கேட்டேன். பெட்டியைக் காட்டினார். பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது. "ஒழுங்காய்ப் போட்டால்தானே சுகம் வரும்" என்று கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

அன்று நான் செய்தது பிழை. ஏன் போடவில்லை என்று கேட்டிருக்க வேண்டும். அடுத்த முறை போய்க் கேட்டபோதுதான் சொன்னார். "அதைப் போட்டால் விடிய மூண்டு மணிக்கு எழும்ப ஏலாது தங்கச்சி. மாவைக் குழைக்காமல் எப்படிக் கடைக்குக் குடுக்கிறது? அதோடை, அது விசர் குளிசையாம். பக்கத்து வீட்டுக்காரி பாத்துப்போட்டுச் சொன்னவ. நாளைக்குப் பிள்ளைக்குச் சம்பந்தம் பேசேக்கை என்ன சொல்லுவினம்?"

இரண்டுமே நியாயமான காரணங்கள். ஆனால் கிளினிக்கில் இரண்டையும் எவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சமூகவியல் படித்த நானும் கேட்கவில்லை.

இது என்ன வலி?

சாதாரண வலி, உடம்பில் ஒரு காயம் இருக்கிறது என்று நரம்பு கொண்டுவரும் செய்தி. நரம்பு வலியில் செய்தியைக் கொண்டுவரும் நரம்பே காயப்பட்டிருக்கிறது. உறை கழன்ற மின்கம்பி போல அது காரணமின்றியும் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். எரிவு, கரண்ட் அடிப்பது போன்ற வெட்டு, ஊசி குத்துவது போன்ற உணர்வு, விறைப்பு, துணி பட்டாலும் நோவு என்பன இதன் அடையாளங்கள். ஷெல் காயம், சன்னக் காயம், அவயவம் அகற்றப்பட்ட இடம், நீரிழிவு ஆகிய எல்லாவற்றாலும் இது வரலாம்.

இது உங்கள் மனப்பிரமை அல்ல. அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. அப்போது சைலஸ் வேயர் மிச்சல் என்ற வைத்தியர், நரம்பில் குண்டடிபட்டவர்களுக்கென்று இருந்த ஆஸ்பத்திரியில் பணியாற்றினார். காயம் ஆறிய பின்னரும் கையும் காலும் எரிகிறது என்று அவர்கள் சொன்னதை அவர் நம்பி எழுதி வைத்தார். இரு வைத்தியர்களுடன் சேர்ந்து 1864 இல் அதை நூலாகவும் வெளியிட்டார். அந்தப் போர்வீரர்களும் எரியும் இடத்தில் ஈரத்துணியைத்தான் சுற்றி வைத்திருந்தார்கள். நான் இதைச் சொன்னபோது அக்கா சிரித்தார். "அப்ப எனக்கு மட்டும் இல்லை" என்றார்.

வழிகள் எவை?

முதலில் குளிசைகள். பரசிற்றமோல், டைக்குளோபெனக் போன்ற வழமையான வலிக் குளிசைகள் நரம்பு வலிக்குப் பெரிதாக உதவுவதில்லை. டைக்குளோபெனக்கை நீண்ட காலம் போட்டால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம். சிறுநீரக நோய் கூடுதலாகக் காணப்படும் வவுனியா போன்ற இடங்களில் உள்ளவர்கள் இதில் மிகக் கவனமாக இருக்க வேண்டும்.

நரம்பு வலிக்கென்று கொடுக்கப்படுபவை வேறு. அமிற்றிப்டிலின் அவற்றில் ஒன்று. இது 1960களில் மனச்சோர்வுக்கான மருந்தாகப் பாவனைக்கு வந்தது. பின்னர், அதைவிடக் குறைந்த அளவில் கொடுத்தால் நரம்பின் வலிச் செய்தியைத் தணிக்கிறது என்று கண்டுகொண்டார்கள். வலிக்கு இரவில் 10 மில்லிகிராமில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவார்கள். ஆகவே இந்தக் குளிசை தரப்பட்டால் உங்களுக்கு மனநோய் என்று அர்த்தமில்லை. மனநோய் இருந்தாலும் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பது வேறு கதை. வாய் உலர்தல், மலச்சிக்கல், தூக்க மயக்கம் என்பன இதன் பக்க விளைவுகள். இருதய நோய், கண் அழுத்த நோய், சிறுநீர் கழிப்பதில் கஷ்டம் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

கபாபென்ரின், பிரிகபாலின் என்பன இன்னொரு வகை. இவற்றால் தலைச்சுற்று, தூக்கம், கால் வீக்கம் வரலாம். சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு அளவைக் குறைத்தே கொடுப்பார்கள். இவற்றைப் போதைக்காகத் தேடுகிற இளைஞர்களும் இருப்பதால் வீட்டில் பூட்டி வையுங்கள், பிறருக்குக் கொடுக்காதீர்கள். டுலொக்செற்றின் என்ற குளிசையும் உண்டு. ட்ரமடோல் போன்றவை பழக்கத்துக்கு உள்ளாக்கக் கூடியவை என்பதால் அவற்றை முதலில் கொடுப்பதில்லை.

இவற்றில் எதுவும் எல்லோருக்கும் வேலை செய்வதில்லை. கபாபென்ரினைப் போட்ட 10 பேரில் ஏறத்தாழ 3 அல்லது 4 பேருக்கே வலி பாதியாகக் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே ஒன்று உதவாவிட்டால் "எனக்கு மருந்தே இல்லை" என்று நினைக்க வேண்டாம். சில வாரங்கள் போட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததற்கு மாறலாம். ஆனால் எதையும் சடுதியாக நிறுத்தக் கூடாது. 2022 பொருளாதார நெருக்கடியின்போது மருந்து கிடைக்காமல் இடையில் நிறுத்த நேர்ந்தவர்கள் பட்ட கஷ்டத்தை நாம் கண்டோம்.

இரண்டாவது, பூசும் மருந்துகள். மிளகாயின் உறைப்பிலிருந்து எடுக்கும் கப்சைசின் களிம்பு சிலருக்கு உதவும். முதலில் எரியும். புண் உள்ள இடத்தில் பூசக் கூடாது. பூசிய கையை நன்றாகக் கழுவாமல் கண்ணைத் தொடக் கூடாது.

மூன்றாவது, இயன்மருத்துவம். தொட முடியாத இடத்தைத் தொடப் பழக்குவது இதில் ஒரு முறை. முதலில் பஞ்சினால், பழகியதும் மெல்லிய சீலையால், பின்பு துவாயினால் ஒரு நாளைக்குச் சில தடவைகள் சில நிமிடங்கள் தடவ வேண்டும். செலவில்லாதது. ஆனால் பொறுமை வேண்டும். பாதத்தைத் தூக்க முடியாதவர்களுக்கு அதற்கென்று ஒரு தாங்கி கொடுப்பார்கள். செயற்கைக் கால் போட்டிருப்பவர்களுக்கு, கால் பொருந்தும் கிண்ணம் நரம்பு நுனியை அழுத்துவதாலும் வலி வரலாம். அவர்கள் குளிசை தேடும் முன்னர், கால் செய்து தந்த நிலையத்துக்குப் போய் அதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

நான்காவது, ஒப்பரேஷன். துண்டு நரம்பை அழுத்திக்கொண்டிருந்தாலோ, மூட்டுக்குள் இருந்தாலோ, சீழ் பிடித்தாலோ எடுப்பதில் பயன் உண்டு. இல்லாவிட்டால் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவார்கள். வெட்டுண்ட நரம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் அளவே வளரும். வருடக்கணக்கில் பழசான காயத்தில் அதைப் பொருத்திப் பழையபடி ஆக்குவது மிகக் கடினம்.

எண்ணெய் பூசுவதையும் பரியாரியாரிடம் போவதையும் நான் குறைவாகச் சொல்லமாட்டேன். கைதடியில் சித்த போதனா வைத்தியசாலையே இருக்கிறது. ஆனால் விறைத்த இடத்தில் சூட்டு ஒத்தடம் கொடுக்காதீர்கள். சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். என்ன மருந்தென்று சொல்லாமல் தருகிற தூளையும் சாப்பிடாதீர்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள்

அக்காவும் நானும் கிளினிக்குக்குப் போக முன்னர், கொப்பியில் மூன்று கேள்விகளை எழுதினோம்.

1. இந்த வலிக்குக் காரணம் எது? அந்தக் காரணத்தை அகற்ற முடியுமா?

2. இந்தச் சிகிச்சையால் எவ்வளவு குறையும், எத்தனை வாரத்தில் தெரியும், பதிலுக்கு என்ன கஷ்டம் வரும்?

3. இது சரிவராவிட்டால் அடுத்தது என்ன? இதை எப்படி நிறுத்துவது?

இவற்றுக்கு மேலே அக்கா தன்னுடைய தேவையை எழுதச் சொன்னார்: "விடிய 3 மணிக்கு எழும்ப வேணும். இரவிலை நாலு மணித்தியாலமாவது நித்திரை வேணும்."

அன்று இருந்த டொக்டர் கொப்பியை வாங்கி வாசித்தார். எக்ஸ்ரேயையும் ஸ்கானையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அம்மா, துண்டு இப்ப நரம்பிலை முட்டிக்கொண்டு இல்லை. உள்ளுக்கு வரேக்கை நரம்பைக் காயப்படுத்திப்போட்டு, தசைக்குள்ளை போய் இருக்குது. அதை எடுத்தாலும் எரிவு போகும் எண்டு நான் சொல்ல மாட்டன்." பிறகு குளிசையை இரவு பத்து மணிக்குப் போடாமல் ஏழு மணிக்கே போடச் சொன்னார். அப்படிச் செய்தால் மயக்கம் விடியமுதல் தெளிந்துவிடும். அதுவும் சரிவராவிட்டால் மற்ற வகைக்கு மாற்றலாம் என்று கொப்பியிலேயே எழுதித் தந்தார். இயன்மருத்துவப் பகுதிக்கும் அனுப்பினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா அழுதார். துண்டை எடுத்தால் எல்லாம் முடிந்துவிடும் என்ற நம்பிக்கையைத்தான் அன்று அவர் இழந்தார். ஆனால் நகை அடகுக்குப் போகவில்லை.

ஆறு மாதங்கள் கழிந்துவிட்டன. வலி போகவில்லை. பத்துக்கு எட்டு என்று சொன்னவர் இப்போது ஐந்து என்கிறார். மூன்று மணிக்கு எழும்புகிறார். கால்மாட்டில் ஈரத்துணி இன்னும் இருக்கிறது, ஆனால் எல்லா இரவிலும் தேவைப்படுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்கும் "இது நரம்புக் குளிசை" என்று அவரே விளங்கப்படுத்தியிருக்கிறார்.

சகோதரிகளே, எந்தச் சிகிச்சை சிறந்தது என்று கேட்டால் ஒரே பதில் இல்லை. உங்கள் வலிக்குக் காரணம் எது, உங்கள் நாளில் எந்த வேலையை விட முடியாது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் தெரிவுசெய்ய வேண்டும். முதலாவதை வைத்தியர் சொல்வார். இரண்டாவதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். குளிசையைப் போடாமல் விட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கடன்பட்டு ஒப்பரேஷனுக்குப் போக முன்னர், அரசாங்க ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை நிபுணரிடம் இலவசமாக ஒரு தடவை அபிப்பிராயம் கேளுங்கள்.

இன்னும் இரண்டு விடயங்கள். உடம்பில் துண்டு இருப்பவர்கள் எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்குப் போனால் அதனை உள்ளே போக முன்னரே கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த இயந்திரத்தின் காந்தம் சில உலோகங்களை இழுக்கும். அடுத்தது, கால் திடீரென்று பலமிழந்தாலோ, சலம் மலம் கட்டுப்பாடின்றிப் போனாலோ, விறைத்த பாதத்தில் புண் வந்தாலோ, பழைய காயம் சிவந்து வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ கிளினிக் நாள் வரும்வரை காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கிளினிக்குக்குத் தனியே போகத் தயங்குபவர்கள் உங்கள் குழுவில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கேள்விகளை எழுதிக்கொண்டு போக மறக்காதீர்கள். அங்கே என்ன சொன்னார்கள் என்பதை எமக்கும் எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.