மோட்டார் மேல் பழி போடாதீர்கள்!

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்பார்கள். வீட்டில் மரம் செதுக்கும் சிஎன்சி மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இது பழமொழி இல்லை, அனுபவம். இரண்டு மணி நேரம் சமர்த்தாக ஓடிய மெஷின் திடீரென்று உறுமும். அப்புறம் நிற்கும், அல்லது கொஞ்சம் தள்ளிப்போய் மிச்சத்தைச் செதுக்கும். தும்பிக்கை இருக்க வேண்டிய இடத்தில் காது! யாரிடம் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "மோட்டார் போச்சு, மாத்திடுங்க."

இதைவிடச் சோம்பேறித்தனமான பதில் கிடையாது. பெரும்பாலும் தப்பான பதிலும்கூட. பெயர்ப்பலகையும் கீசெயினும் செய்து நாலு காசு பார்க்கலாம் என்று சேமிப்பைப் போட்டு வாங்கியவர், இதை நம்பிப் புது மோட்டார் வாங்குகிறார். அடுத்த வாரம் அதே கோளாறு. அதற்கடுத்த வாரம் மெஷின் பரணில். மோட்டார் விற்றவருக்கு லாபம், சொன்னவருக்கு நஷ்டமில்லை. வாங்கினவர்தான் பாவம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். 3018 என்று விற்கப்படும் சின்ன மெஷினையே எடுத்துக்கொள்வோம். 30 செ.மீ.க்கு 18 செ.மீ. வேலை செய்யும் பரப்பு, அதனால் அந்தப் பெயர். இதன் மூளை பெரும்பாலும் ஜிஆர்பிஎல் என்ற இலவச மென்பொருள். சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் என்பவர் 2009-இல் தொடங்கியது. எக்ஸ், ஒய், இசட் என்று மூன்று பக்கமும் நகர்த்த மூன்று ஸ்டெப்பர் மோட்டார்கள். ஒவ்வொன்றும் ஒரு ஸ்டெப்புக்கு 1.8 டிகிரி, அதாவது ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப். டிரைவர் ஒவ்வொரு ஸ்டெப்பையும் 16 ஆக உடைக்கிறது, ஆக 3200 துடிப்பு. ஒரு சுற்றுக்கு லீட் ஸ்க்ரூ 4 மி.மீ. நகர்த்தும். வகுத்துப் பாருங்கள், ஒரு மில்லிமீட்டருக்கு 800 துடிப்பு.

இங்கேதான் சூட்சுமம். போர்டு 800 துடிப்பு அனுப்பும், அவ்வளவுதான். மோட்டார் உண்மையில் நகர்ந்ததா என்று அது திரும்பிப் பார்ப்பதே இல்லை. பேங்க் பாஸ்புக்கோடு ஒத்துப் பார்க்காமல் கேஷ் புக்கை மட்டும் எழுதிக்கொண்டே போகிற கணக்குப்பிள்ளை மாதிரி! ஜிஆர்பிஎல் 1.1-இன் எரர், அலாரம் பட்டியலை முழுக்கப் படித்தாலும் "மோட்டார் கெட்டுவிட்டது" என்று ஒரு வரிகூட இருக்காது. சொல்லத் தெரிந்தால்தானே சொல்லும்?

அப்படியானால் திரையில் வருவது என்ன? அலாரம் 1 என்றால் லிமிட் சுவிட்ச் அழுத்தப்பட்டதாக போர்டு நினைக்கிறது. யாரும் தொடாமலே வந்தால், ஸ்பிண்டில் மோட்டாரின் மின் இரைச்சல் அந்தச் சுவிட்ச் ஒயரில் புகுந்திருக்கலாம். ஒயர்களைத் தள்ளித் தள்ளிக் கட்டினாலே பாதி நேரம் அடங்கிவிடும். எரர் 9 என்றால் அலாரத்தில் பூட்டிக்கொண்டிருக்கும்போது கட்டளை அனுப்புகிறீர்கள் என்று அர்த்தம். பூட்டைத் திறந்தால் போதும். இதைப் பார்த்துவிட்டு மோட்டார் வாங்கக் கிளம்புவது, வீட்டுச் சாவி தொலைந்ததற்கு வீட்டையே இடிப்பது போல.

நிஜமாகவே ஒரு பக்கம் நகரவில்லையா? காசு செலவில்லாத சோதனைகளை முதலில் செய்யுங்கள்.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு லீட் ஸ்க்ரூவைக் கையால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை சுற்றுங்கள். எங்காவது இறுகினால் குற்றவாளி மரத்தூள், அல்லது கோணலாக மாட்டிய கம்பி. அடுத்து கப்ளர். அதன் குட்டி ஸ்க்ரூ லூசானால் மோட்டார் ஜோராகச் சுற்றும், லீட் ஸ்க்ரூ சும்மா நிற்கும். ஒரு ஆலன் கீ போதும்.

மோட்டார் சுற்றாமல் நடுங்கி உறுமுகிறதா? நாலு ஒயரில் ஒன்று அறுந்திருக்கலாம், பிளக் சரியாக உட்காராமல் இருக்கலாம். ஆனால் மின்சாரம் இருக்கும்போது அந்தப் பிளக்கைப் பிடுங்கவே பிடுங்காதீர்கள், டிரைவர் புகைந்துவிடும். நிறுத்திவிட்டு, எக்ஸ் மோட்டாரின் பிளக்கை ஒய் சாக்கெட்டில் மாட்டி, ஒய்க்குக் கொஞ்ச தூரம் கட்டளை கொடுத்துப் பாருங்கள். எக்ஸ் மோட்டார் நன்றாக ஓடினால் அதுவும் அதன் ஒயரும் நிரபராதி. எக்ஸ் டிரைவரைத்தான் விசாரிக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை, செலவு பூஜ்யம்.

ஆரம்பத்தில் நன்றாக ஓடி, சூடானபின் விட்டு விட்டு நிற்கிறதென்றால் டிரைவர் சிப்பின் மேல் கை வைக்காமல் கண் வையுங்கள். பல போர்டுகளில் இருப்பது ஏ4988. அளவு மீறிச் சூடானால் அது தானே அணைந்துகொள்ளும், ஆறியதும் விழித்துக்கொள்ளும். தேவை ஒரு சின்ன விசிறி, கரண்டைச் சரியாக வைப்பது. புது மோட்டார் இல்லை.

கடைசியாக, வேகம். ஸ்டெப்பர் மோட்டார் வேகமாகச் சுற்றச் சுற்ற அதன் இழுவிசை குறையும். மழுங்கிய பிட்டை வைத்து, தேக்கில் ஆழமாக, அவசரமாக ஓட்டினால் எந்த மோட்டாரும் ஸ்டெப்பைத் தவறவிடும். ஆழத்தைப் பாதியாக்கி, வேகத்தைக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். சரியாகிவிட்டால் தப்பு மெஷினில் இல்லை, ஓட்டுகிறவரின் அவசரத்தில்.

"அப்படியானால் பெரிய மோட்டாரா போட்டுடலாமே?" என்பார் ஒரு புத்திசாலி. 2.8 ஆம்பியர் கேட்கும் மோட்டாரை, உச்சபட்சமே 2 ஆம்பியர் கொடுக்கும் அதே ஏ4988-இல் மாட்டி என்ன பயன்? யானையை வாங்கிவிட்டுச் சோளப்பொரி போடுகிற கதை.

மோட்டார் கெடவே கெடாதா? கெடும். பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டில் மோட்டார் கார்பன் பிரஷ் உள்ள சாதாரண டிசி மோட்டார். பிரஷ் தேயும், ஒருநாள் நிற்கும். அதை மாற்றுவது நியாயமான செலவு. ஆனால் நகர்த்தும் ஸ்டெப்பர்களில் பிரஷ்ஷே கிடையாது. தேய பேரிங்கைத் தவிர வேறெதுவும் இல்லை. அதனால் சந்தேகப் பட்டியலில் அவை கடைசியில்தான் வர வேண்டும், முதலில் இல்லை.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. யாரோ எழுதி இலவசமாகக் கொடுத்த மென்பொருளைப் போட்டு விற்கிறீர்கள். அதன் எரர் பட்டியலையும், எந்த ஒயர் எங்கே போகிறது என்ற படத்தையும் ஒரே ஒரு தாளில் அச்சடித்து டப்பாவுக்குள் வைக்க என்ன கேடு? அந்த ஒரு தாள் இருந்தால் பாதி மெஷின்கள் பரணுக்குப் போகாது. வைக்காததற்குக் காரணம் மறதியா, மோட்டார் விற்பனையா என்று வாங்கியவர்கள் கேட்கத் தொடங்க வேண்டும்.

அதுவரை யாராவது "மோட்டாரை மாத்துங்க" என்றால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பிளக்கை மாத்தி மாட்டிப் பாத்தீங்களா?" பதில் வரவில்லையென்றால் பர்ஸை மூடிவிட்டு ஆலன் கீயை எடுங்கள்.